ஒன்றரை மணித்தியாலத் தண்ணீர்

உதைபந்தாட்டக் குழுவுக்கு மனேஜராய் இருக்கிற தொழிலில் முதலில் படிக்க வேண்டிய பாடம், போன ஊரில் றங்குப்பெட்டியை அடிவரைக்கும் அவிழ்க்கக் கூடாது என்பதுதான். மேலே கிடக்கிற இரண்டு சட்டையையும் ஒரு துவாயையும் எடுத்தால் போதும். மற்றதெல்லாம் எப்படியும் திரும்பப் பெட்டிக்குள் போகப் போகிறது.

இதை வாசிக்கிறவர்களில் எவராவது ஊர்க் கழகம் ஒன்றைக் கட்டி மேய்த்திருந்தால் உங்களுக்கு நான் விளக்கம் சொல்லத் தேவையில்லை. நாங்கள் எல்லாரும் ஒரே நோய்க்காரர். வென்றால் ஆடினவன் வென்றான். தோற்றால் மனேஜர் தோற்றான். மலாயா, சிங்கப்பூர், சீயம் என்று சுற்றி, பிறகு இங்கே வந்து வன்னியில் நாலு ஊர் சுற்றினவன் நான். ஒரு இடத்தைத் தவிர எல்லா இடத்திலும் என்னைக் கலைத்தார்கள், பெட்டியோடு துரத்திவிட்டார்கள். கலைக்காத அந்த ஒரு இடத்தில் ஒரு பெண்ணின் மூன்று ஏக்கர் வயல் என்னால் போனது. அதைச் சொல்லத்தான் எழுதத் தொடங்கினேன். மற்ற ஊர்க் கதைகளை முதலில் சொல்வது, நான் எப்படிப்பட்ட ஆள் என்று உங்களுக்குத் தெரியட்டும் என்பதற்காக.

பந்து உருண்ட பிறகு

கோலாலம்பூரில் ரெயில் கந்தோரில் கணக்கெழுதுகிற கிளாக்கராய் இருந்தபோதுதான் இந்தக் கோதாரி நோய் என்னைப் பிடித்தது. எனக்கு ஆட வராது. பத்து அடி ஓடினால் மூச்சு வாங்கும். ஆனால் எவன் எங்கே நின்றால் பந்து எங்கே போகும் என்பது எனக்குத் தெரியும் என்று ஒரு நினைப்பு. கந்தோர்க் குழுவுக்கு மனேஜர் இல்லை என்றார்கள், கையை உயர்த்திவிட்டேன்.

முதல் ஆட்டத்தில் கோட்டோரம் நின்று கத்தினதில் தொண்டை கட்டிப் போனது. முன்னுக்குப் போ, பின்னுக்கு வா, அவனைப் பிடி, இவனை விடு என்று ஒன்றும் மிச்சம் வைக்கவில்லை. நான் சொன்னதைக் கேட்டவன் பந்தைத் தவறவிட்டான். கேட்காதவன் கோல் போட்டான். எங்கள் பெரிய கிளாக்கர் நல்ல மனுசன். இடைவேளையில் கூப்பிட்டுத் தேத்தண்ணி தந்து, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்: "பந்து உருளத் தொடங்கினால் மனேஜருக்கு வேலையில்லை, கனகசபை, பேசாமல் அந்தக் கதிரையில இரும்."

சப்பாத்துச் சாக்கு

அந்தக் குழு என்னைக் கலைத்த பிறகு சிங்கப்பூரில் ஒரு வருஷம், பிறகு பினாங்கு. பினாங்குக் குழு ஒருமுறை ரெயிலேறிச் சீயத்தின் தெற்கே ஒரு பட்டணத்துக்கு ஆடப் போனது. வழியில் ரெயில் மாற வேண்டும். மற்றவர்கள் சாப்பிடப் போக, எல்லாருடைய சப்பாத்தும் கட்டிக் கிடந்த சாக்குக்குப் பக்கத்தில் நான் நிற்பது என்று பேச்சு. நிலையத்துக்குப் பின்னால் ஒரு வெளி. அங்கே நாலு பேர் வட்டமாய் நின்று பிரம்புப் பந்தைக் கீழே விழவிடாமல் காலால் அடித்துக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருவன் காலைப் பின்னுக்கு மடக்கி அடித்த அடி இருக்கிறதே, சும்மா சொல்லக் கூடாது. இரண்டே நிமிஷம் பார்த்துவிட்டு வரலாம் என்று போனேன். திரும்பி வந்தால் சாக்கைக் காணவில்லை.

அடுத்த நாள் எங்கள் ஆட்கள் வெறுங்காலோடு, சப்பாத்துப் போட்டவர்களுக்கு எதிரே ஆடினார்கள். ஒன்பது கோல் வாங்கினோம். எங்கள் பின்வரிசை ஆட்டக்காரன் ஒருவனுக்குப் பெருவிரல் நகம் அப்படியே கழன்று வந்தது. அவன் அழவில்லை, என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். பினாங்கில் இறங்கினதும் கழகச் செயலாளர் என் பெட்டியை எடுத்து என் கையிலேயே தந்துவிட்டுச் சொன்னார்: "பதினொரு தலையை எண்ணிக்கொண்டு போனீர், இருபத்திரண்டு காலை எண்ணேல்லை."

மீன் பட்ட பின்னேரம்

பென்சனோடும் மனைவி தங்கத்தோடும் ஊருக்குத் திரும்பினேன். தங்கம் மலாயாவில் மட்டும் ஏழு வீடு மாறினவள். கப்பலில் வரும்போதே, இனிப் பந்தடியின் பக்கம் தலைவைத்தும் படுக்கக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கினாள். ஆறு மாசம் சத்தியத்தைக் காப்பாற்றினேன். அதற்குள் முல்லைத்தீவுக் கரையில் கடற்றொழில் செய்கிற இளைஞர்களின் கழகத்துக்கு 'மலாயா மனேஜர்' வேண்டுமாம் என்று காதில் விழுந்தது. பிறகென்ன, பெட்டியைக் கட்டினோம்.

என்ன ஆட்டக்காரர்கள் அவர்கள்! கடற்கரை மணலில் ஓடிப் பழகின கால்கள். கோயில் திருநாளுக்கு வைத்த போட்டியில் கடைசி ஆட்டம் வரைக்கும் வந்துவிட்டோம். இரண்டு கோல் முன்னுக்கு நிற்கிறோம், இன்னும் இருபது நிமிஷம். கரையில் நின்ற ஒருவன் இடுப்புச் சாரத்தைக் கழற்றிச் சுழற்றினான். கரைவலைக்குப் பக்கத்தில் சாளை மீன் கூட்டம் வந்துவிட்டது என்று அதற்கு அர்த்தம். அவ்வளவுதான். எங்கள் பதினொரு பேரும் கடலை நோக்கி ஓடினார்கள். பார்க்க வந்த சனமும் ஓடியது. மத்தியஸ்தர் உள்ளூர்க்காரர், விசிலை வாயில் கவ்விக்கொண்டு அவரும் ஓடினார். எதிர்க்குழு வெறும் கோலுக்குள் நாலுமுறை பந்தை உருட்டிவிட்டது.

நான் வலைக் கயிறு வரைக்கும் பின்னால் ஓடிப் போய், "விசரங்களே, கப்பை விட்டிட்டு வந்திட்டீங்களே" என்று கத்தினேன். கயிற்றைத் தோளில் போட்டு இழுத்துக்கொண்டே எங்கள் கப்டன் மரியதாஸ் திரும்பிப் பார்த்தான். எனக்காக இரக்கப்பட்டான் என்றுதான் நினைக்கிறேன். "பந்து நாளைக்கும் உருளும் மாஸ்ரர், மீன் நாளைக்கும் வருமே?"

தண்ணிக்குள் போன மைதானம்

அவன் சொன்னது எனக்கு அன்றைக்கு விளங்கியிருந்தால் இந்தக் கதையையே எழுத வேண்டி வந்திராது. நான் கத்தின கத்தலுக்குக் கழகம் என்னைக் கலைத்தது, நானும் கோபித்துக்கொண்டு செட்டிகுளத்துக்குப் போனேன். போனது ஐப்பசி மாசம். பரந்த வெளி, நல்ல புல், இரண்டு பக்கமும் கோல் கம்பம். தங்கத்திடம், "இதுதான் எங்கட இடம்" என்றேன். நாலாம் நாள் மழை பிடித்தது. ஒரு கிழமை விடாமல் பெய்தது. பிறகு போய்ப் பார்த்தால் கோல் கம்பத்தின் தலை மட்டும் தண்ணிக்கு மேலே தெரிகிறது, அதில் ஒரு கொக்கு இருக்கிறது. கோடையில் வற்றிக் கிடக்கிற குளத்துக்குள்தான் அவர்கள் மைதானம் வைத்திருந்தார்கள். அது ஊரில் எல்லாருக்கும் தெரிந்த விஷயமானபடியால் ஒருவரும் என்னிடம் சொல்லவில்லை. கழகத் தலைவரிடம் போய் இனி என்ன செய்வது என்று கேட்டேன். அவர் குடையை மடக்கிவிட்டு ஆறுதலாய்ச் சொன்னார்: "மைதானம் ஆனி மாசந்தான் ஐயா திரும்பி வரும்; நீங்களும் அதோட போயிட்டு அதோட வாங்கோ."

யானையின் கம்பம்

கனகராயன்குளத்தில் மைதானம் மேட்டில்தான் இருந்தது, முதலில் அதைத்தான் விசாரித்தேன். ஆனால் காட்டில் இருந்து வருகிற ஒரு தனியன் யானைக்கு எங்கள் கோல் கம்பத்தில் முதுகு சொறியப் பழக்கம். மூன்று முறை கம்பம் நட்டோம், மூன்று முறையும் பிடுங்கிப் போட்டது. முள்ளுக்கம்பி சுற்றுவோம் என்று நான் சொன்னதும் கூட்டத்தில் எல்லாரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அடுத்த நாள் காலை கழகப் பொருளாளர் என் வாசலில் வந்து நின்று, சங்கடத்தோடு சொன்னார்: "மனேஜர், யானையோட பகைச்சுக்கொண்டு நாங்கள் இந்த ஊரில இருக்கேலாது, உங்களோடயெண்டால் பகைக்கலாம்."

அடிவரைக்கும் அவிழ்த்த பெட்டி

கிளிநொச்சிக்குப் போனபோது எனக்கு ஐம்பத்திரண்டு வயது. இரணைமடுக் குளத்துத் தண்ணியை நம்பிக் குடாநாட்டில் இருந்து வந்து குடியேறினவர்களின் கழகம் அது. ஆளுக்கு மூன்று ஏக்கர் வயல். பகல் முழுக்க வயலில் நின்றுவிட்டுப் பின்னேரம் சேறு காயாத காலோடு ஆட வருவார்கள். துரைசிங்கம் அதில் ஒருவன், இருபத்திமூன்று வயது. மூன்று தேசத்தில் நான் பார்த்த ஆட்டக்காரர்களில் அவனைப்போல் ஒருவனைப் பார்க்கவில்லை. பந்து காலில் பட்டதும் மற்றவர்கள் நிலத்தைப் பார்ப்பார்கள், அவன் தூரத்தைப் பார்ப்பான். கோலாலம்பூர்ப் பெரிய கிளாக்கரின் கதையைச் சொன்னால் விழுந்து விழுந்து சிரிப்பான். 'பந்து உருளத் தொடங்கினால் மனேஜருக்கு வேலையில்லை' என்பதை என் குரலிலேயே சொல்லிக் காட்டுவான்.

எங்களுக்குக் கழகம் கிடுகு வேய்ந்த ஒரு வீடு தந்தது. சுவர் மண்தான், ஆனால் உள்ளே ஒரு அலுமாரி இருந்தது. ஆட்டத்துக்கு மேல் ஆட்டமாய் வென்றுகொண்டு வந்தோம். ஆறாவது வெற்றிக்குப் பிறகு ஒருநாள் வீட்டுக்கு வந்தால் றங்குப்பெட்டி வாயைத் திறந்தபடி வெறுமையாய்க் கிடக்கிறது. கலியாணச் சீலை உட்பட எல்லாம் அலுமாரிக்குள் அடுக்கி இருக்கிறது. தங்கத்தின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் கன காலமாய்ப் பார்க்கவில்லை. "இஞ்சருங்கோ, அடியில கிடந்ததெல்லாம் எடுத்து வைச்சிட்டன், இனி என்னைத் திருப்பி அடுக்கச் சொல்லாதேங்கோ."

பூரணம் கேட்டது

துரைசிங்கத்தின் தாய் பெயர் பூரணம். புருஷன் செத்த பிறகு மகனும் அவாவுமாய் அந்த மூன்று ஏக்கரைச் செய்துகொண்டிருந்தார்கள். போன போகம் வெள்ளத்தோடு போய்விட்டது. இந்தச் சிறுபோகமும் பொய்த்தால் காணியை வேறு ஆளுக்குக் கொடுக்க நேரிடும் என்று காணிக் கந்தோரில் முன்னமே சொல்லிவிட்டார்கள். அந்த வருஷம் குளத்தில் தண்ணி குறைவு. ஆகவே முறை வைத்துத்தான் பாய்ச்சல். வாய்க்காலுக்குப் பொறுப்பான வட்டவிதானையார் நேரம் குறித்துக் கொடுப்பார். உன்னுடைய நேரத்தில் நீ உன் மடையடியில் நிற்க வேண்டும். வாய்க்காலை மறித்து, மடையை வெட்டி, தண்ணியை வயலுக்குள் திருப்ப வேண்டும். ஆள் இல்லாவிட்டால் தண்ணி உனக்காக நிற்காது, அடுத்தவன் வயலுக்குப் போய்விடும். பிறகு இரண்டு கிழமைக்கு மேல் காத்திருக்க வேண்டும்.

பூரணத்தின் முறை சனிக்கிழமை பின்னேரம் நாலரையில் இருந்து ஆறு மணி வரைக்கும். பயிர் கதிர் தள்ளப் போகிற குடலைப் பருவத்தில் நின்றது. அந்த நேரம் தண்ணி தப்பினால் கதிர் மணி பிடிக்காது, வெறும் சப்பியாய்ப் போய்விடும். எங்கள் கடைசி ஆட்டமும் அதே சனிக்கிழமை, அதே நாலரைக்கு. பூரணத்துக்கோ குளிர்காய்ச்சல், எழும்ப முடியவில்லை. துரைசிங்கம் வந்து, "நான் ஆட வரேல்லை, மனேஜர்" என்றான். நேரே அவாவிடம் போனேன். மடைக்கு வேறு ஆள் பிடித்துத் தருகிறேன் என்றேன். ஊரில் கால் உள்ள ஆம்பிளைகள் எல்லாரும் மைதானத்துக்குத்தான் வரப் போகிறார்கள் என்பது எனக்கும் தெரியும், அவாவுக்கும் தெரியும்.

பாயில் கிடந்தபடி அவா என் பக்கம் திரும்பினா. பிறகு போர்வைக்குள் இருந்தே சிரித்தா. "பந்து உருளத் தொடங்கினால் மனேஜருக்கு வேலையில்லை எண்டு நீங்கள்தானே சொல்லுறனீங்கள், அண்ணை, அப்ப நீங்களே வந்து என்ர மடையில நில்லுங்கோ."

மடையடி

ஓம் என்றேன். வேறென்ன சொல்ல? சனிக்கிழமை மூன்றரைக்கே துரைசிங்கம் என்னை மடையடிக்குக் கூட்டிப் போனான். எங்கே வெட்டுவது, எங்கே மண் போட்டுக் கட்டுவது என்று காட்டினான். மண்வெட்டியைக் கையில் தந்தான். வெள்ளைக் காற்சட்டையோடு நான் நின்ற கோலத்தைப் பார்த்து அவனுக்குச் சிரிப்பு. சந்தோஷமாய்த்தான் மைதானத்துக்கு ஓடினான்.

நாலரை ஆனது. தண்ணி வரவில்லை. நாலே முக்கால் ஆனது. வாய்க்கால் காய்ந்தபடி கிடக்கிறது. மைதானம் கால் மைல்தான், ஆனால் நடுவில் ஒரு பனங்கூடல் மறைத்தது. முதலில் ஒரு பெரிய சத்தம் கேட்டது. அது எங்களுடைய சத்தம் இல்லை, பிறத்தியாருடைய சத்தம். கோல் வாங்கிவிட்டோம். ஐந்து மணி. வாய்க்காலில் ஒரு ஓணான் ஓடியது, தண்ணியைக் காணோம். மறுபடி சத்தம். இது எங்களுடையது. ஒன்றுக்கொன்று! முப்பது வருஷமாய் ஒரு கப்பும் தொடாத மனுசன், ஐயா, நான். தண்ணி இன்றைக்கு வரப் போவதில்லை, வந்தாலும் மெதுவாய்த்தான் வரும், பத்தே நிமிஷம், ஒரு கண் பார்த்துவிட்டு வந்துவிடலாம். இப்படி எனக்கு நானே சொன்னேன். மண்வெட்டியை வரம்பில் சாய்த்துவிட்டு ஓடினேன். பத்து அடி ஓடினால் மூச்சு வாங்குகிறவன் அந்தக் கால் மைலையும் ஓடினேன்.

கோட்டோரம் போய் நின்றேன். துரைசிங்கம் என்னைக் கண்டான். நான் அங்கே நிற்பதைப் பார்த்ததும், ஆட்டத்தில் நேரம் தெரியாமல், வயல் பாய்ந்து முடிந்தது என்று நினைத்தானாம். அதுவரைக்கும் மனம் அடிக்கடி மடைக்குப் போய்க்கொண்டிருந்ததாம், பிறகுதான் சொன்னான். அந்த நிமிஷத்தில் இருந்து அவன் ஆடின ஆட்டத்தை எப்படிச் சொல்ல? பத்து நிமிஷம் முக்கால் மணித்தியாலம் ஆனது எனக்குத் தெரியாது. கடைசியில் நாலு பேரைக் கடந்து போய் அவன் கோல் போட்டான். விசில் ஊதியது. எல்லாரும் அவனைத் தூக்கினார்கள். தோள்களுக்கு மேலே இருந்தபடி என்னைத் தேடி, கையைக் காட்டிக் கேட்டான்: "தண்ணி பாய்ஞ்சதே, மனேஜர்?"

தலையாட்டினேன்

ஓம் என்று தலையாட்டினேன். ஏன் ஆட்டினேன் என்று இன்றைக்கும் என்னை நானே கேட்கிறேன். அவன் முகம் அப்படிப் பூரித்துக் கிடந்தது, அதைக் கெடுக்க மனம் வரவில்லை என்று ஒரு காலம் சொல்லிக்கொண்டேன். அது பொய். கெட்டுவிடக் கூடாது என்று நான் நினைத்தது என்னுடைய சந்தோஷத்தை. கப்பையும் எங்களையும் உழவு மெசின் பெட்டியில் ஏற்றிச் சீனவெடி கொளுத்தி ஊர்வலம் கொண்டுபோனார்கள். பூரணத்தின் வீட்டு வாசலில் மெசின் நின்றது. அவா போர்வையைச் சுற்றிக்கொண்டு படலை வரைக்கும் வந்து, மகனைப் பார்த்து, பிறகு என்னைப் பார்த்துக் கைகூப்பினா. நான் கப்பைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டேன்.

விடிந்ததும் துரைசிங்கம் வயலுக்குப் போனான். நிலம் வெடித்தபடியே கிடந்தது. நடந்தது இதுதான்: நான் ஓடின கொஞ்ச நேரத்தில் தண்ணி வந்துவிட்டது. மடையில் ஆள் இல்லை, நேரே கீழ்வயலுக்குப் போய்விட்டது. கீழ்வயல்காரர் கந்தையர் ஆறு மணிக்குத் தன் முறைக்கு வந்து, பூரணம் பாய்ச்சி முடித்துத் தண்ணியை விட்டுவிட்டா என்று நினைத்திருக்கிறார். நான் காலையில் அவரிடம் போய் உள்ளதைச் சொன்னேன். மனுசன் வரம்பில் அப்படியே குந்திவிட்டார். "நேத்துப் பின்னேரமே ஒரு சொல் சொல்லியிருந்தால் என்ர முறையில பாதியை அந்தப் பிள்ளைக்கு விட்டிருப்பனே, மனேஜர்."

வட்டவிதானையார்

ஒரு சொல். கோட்டோரம் நின்று ஆயிரம் சொல் கத்தினவனுக்கு அந்த ஒரு சொல் வாயில் வரவில்லை. அன்றைக்கே வட்டவிதானையாரிடம் ஓடினேன். இடையில் ஒரு மணித்தியாலம் தரச் சொல்லிக் கேட்டேன், கெஞ்சினேன், பிழை என்னுடையது என்று சொன்னேன். ஒருவருக்கு விட்டால் வாய்க்கால் முழுக்க மண்வெட்டியோடு நிற்கும் என்றார். அவர் சொன்னதில் பிழையில்லை. துரைசிங்கமும் நானும் கிணற்றில் இருந்து வாளியால் சுமந்து ஊற்றினோம். மூன்று ஏக்கருக்கு வாளித் தண்ணி! ஊற்றின இடம் திரும்பி வருவதற்குள் காய்ந்துவிட்டது. துரைசிங்கம் ஒரு சொல்லும் என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கியிருக்கும். பத்தாம் நாள் மறுபடி வட்டவிதானையாரிடம் போனேன். அடுத்த முறையை அரைவாசி நேரமாய்க் குறைத்திருப்பதாகச் சொன்னார். நான் வாயைத் திறக்க முந்தியே கையை விரித்தார்: "மடையில நிக்கிறதுதான் ஐயா உங்கட வேலை, குளத்தில தண்ணி வைக்கிறது என்ர வேலையில்லை."

கப்

வெட்டினபோது வைக்கோல் இருந்தது, நெல் இல்லை. கையில் எடுத்து ஊதினால் பறந்துவிடுகிற சப்பி. காணிக் கந்தோரில் சொன்னபடி செய்தார்கள், அவர்களைக் குறை சொல்ல நான் யார்? துரைசிங்கத்துக்கு வவுனியாவில் ஒரு அரிசி ஆலையில் மூட்டை தூக்குகிற வேலை கிடைத்தது. பந்தடிக்கு அவன் பிறகு வரவேயில்லை. கழகத்தில் கூடிக் கதைத்தார்கள், துரைசிங்கத்துக்காக வருத்தப்பட்டார்கள், பிறகு என்னை இன்னும் ஐந்து வருஷம் வைத்திருப்பது என்று தீர்மானம் எழுதினார்கள். ஓட்டுக் கூரை போட்ட வீடும் தருவதாகச் சொன்னார்கள். மடைக்கதை எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும் ஒருவரும் என்னைக் கலைக்கவில்லை. கப் வென்றவனை எப்படிக் கலைப்பது?

அவர்கள் போகிற நாள் காலை நான் போனேன். மாட்டுவண்டியில் சட்டி பானை, பாய், அந்த மண்வெட்டி எல்லாம் ஏற்றிக் கட்டியிருந்தது. துரைசிங்கம் மாட்டுக்குப் பக்கத்தில் மறுபக்கம் பார்த்துக்கொண்டு நின்றான். பூரணம் குசினி வாசலைக் கூட்டிக்கொண்டிருந்தா, இனி வரப் போகிறவர்களுக்காக. நான் கிட்டப் போய், "பிள்ளை, நான் செய்தது" என்று தொடங்கினேன். அழுகைதான் வந்தது. அவா விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்துவிட்டு நிமிர்ந்தா. குரலில் கோபம் இல்லை, களைப்புத்தான் இருந்தது. "அந்தக் கப்பை ஒருக்காக் கொண்டு வாங்கோ அண்ணை, எவ்வளவு தண்ணி பிடிக்கும் எண்டு பாப்பம்."

அன்றைக்கே நான் றங்குப்பெட்டியை அடுக்கத் தொடங்க, தங்கம் ஒன்றும் கேட்காமல் அலுமாரியைத் திறந்துவிட்டாள். மூன்று தேசத்துக் கோட்டோரங்களில் வேலையில்லாமல் நின்ற எனக்கு, நின்றே ஆக வேண்டியிருந்த இடம் கால் மைலுக்கு அப்பால் இருந்த அந்த ஒரு மடைதான்.